மறதிக்கார ஐயாவைப் புனிதம் சுகப்படுத்திய கதை

புனிதம் எதை வாசித்தாலும் அது கோயிலில் படிக்கிற பசாம் ஒப்பாரி போலத்தான் இருக்கும். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டை வாசித்துக் காட்டினாலும் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அதற்கு அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. முல்லைத்தீவுக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கோயிலுமாக வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் கன்னியாஸ்திரிமார் அதற்குள் அவளுடைய தொண்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று தொடக்கம் தவக்காலம் வந்தால் கோயிலில் பசாம் படிப்பது புனிதம்தான். யேசுநாதர் பட்ட பாடுகளை நீட்டி இழுத்து, வசனத்தின் முடிவில் குரலை மெல்லத் தாழ்த்தி அவள் வாசிக்கும்போது, முன்வாங்கில் வீறாப்பாக இருக்கும் வலைச் சொந்தக்காரச் சம்மாட்டிமார்கூடக் கண் துடைக்க லேஞ்சியைத் தேடுவார்கள். வேறு மாதிரி வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கும் தேவைப்படவில்லை.

அப்படிப்பட்டவளின் கையில் ஒரு நாவல் வந்து சேர்ந்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. புனிதமும் புருசன் இன்னாசித்தம்பியும் யுத்தத்தால் கரையை விட்டு வெளிக்கிட்டு வருசக்கணக்காகிவிட்டது. இடையில் எத்தனையோ இடம் மாறி, கடைசியாக ஒட்டுசுட்டானுக்கு அப்பால், ஒரு குளத்துக்குக் கீழே இருந்த குடியிருப்பில் கொட்டில் போட்டிருந்தார்கள். அயலில் பாதிப்பேர் இவர்களைப் போலக் கரையிலிருந்து வந்த கடல் தொழில்காரர். மற்றப் பாதி, மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு எப்போதோ வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்கள். ஒரு பகுதிக்கு நெல்லைப் பற்றித் தெரியாது, மற்றப் பகுதிக்கு மீனைப் பற்றித் தெரியாது. ஆகவே சண்டை பிடிக்கவும் விசயம் இருக்கவில்லை, நல்லாக ஒத்துப்போனார்கள்.

மாரிக்கு முன்னம் கூரை மேய்ந்தாக வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வாய்க்காலில் ஊறப்போட்ட தென்னோலைகளைத் தூக்கி வந்து, மருதமர நிழலில் இருந்து கிடுகு பின்னுவார்கள். கைக்கு வேலை இருந்தது, காதுக்கு இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி என்ற சாமான் வன்னிக்குள் வராது. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவை ஓட்ட வேண்டும். சுற்றுகிற ஆள் எப்போதும் நாடகத்தின் நல்ல கட்டத்தில்தான் களைத்துப் போவார்.

இந்தக் குறையைக் கண்டுதான் முத்துலிங்கம் மாஸ்ரர் புத்தகத்தைக் கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவர். சட்டி பானையை விட்டுவிட்டுப் புத்தகம் தூக்கி வந்ததற்காக மனைவியிடம் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நாவலுக்கு அட்டை போய்விட்டது. அவர் சொன்ன தலைப்பு யாருடைய நாவிலும் நிற்கவில்லை. நகரமொன்றில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய ஒருவருக்கு வயது போகப் போக ஞாபகம் தப்பிக்கொண்டு போகிறது. அதுதான் கதை. ஆகவே குடியிருப்பு முழுவதும் அதை ‘மறதிக்கார ஐயா’ என்றே சொன்னது.

“புனிதமக்கா, உங்களுக்குத்தான் நல்ல குரல். நீங்கள் வாசியுங்கோ, மற்றவை பின்னிக்கொண்டு கேக்கட்டும்” என்றார் மாஸ்ரர்.

‘அன்று காலை அவர் தம்முடைய மூக்குக்கண்ணாடியைத் தேடினார்’ என்று நாவல் தொடங்குகிறது. சாதாரண வசனம். புனிதம் அதை இழுத்த இழுவையில், கண்ணாடி தேடப் போன மனுசன் சிலுவையோடு கல்வாரி மலை ஏறப்போகிறார் என்று எல்லாரும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்கள். முதலாம் அத்தியாயம் முடிந்து அவள் குரலைத் தாழ்த்தியதுதான் தாமதம், கரைப் பெண்கள் எல்லாரும் ஒருமிக்க “ஆமென்” என்றார்கள். செபமாலையக்கா முழங்காலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு எழுபது வயதுக்கு மேல், முழங்கால் சிலுவைப்பாதைக்குப் பழகியது.

பக்கத்து வளவுக் கமலாட்சி மலைநாட்டுப் பக்கம். அவளுக்கு மாரியம்மனைத் தெரியும், பசாமைத் தெரியாது. நாவல் என்றால் இப்படித்தான் கேட்க வேண்டுமாக்கும் என்று எண்ணி அவளும் “ஆமென்” சொன்னாள். அடுத்த நாளிலிருந்து அவள்தான் எல்லாருக்கும் முந்திச் சொன்னாள்.

மாஸ்ரருக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, இது நாவல். சாதாரணமா வாசிக்கலாம்.”

“சாதாரணமாத்தானே மாஸ்ரர் வாசிக்கிறன்?”

அவர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். ஆனால் போகவில்லை. அன்று வாசிப்பு முடியும்வரை நின்று, போகும்போது புனிதத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “இதை நான் எத்தினையோ தரம் வாசிச்சிருக்கிறன். நல்ல கட்டுக்கோப்பு எண்டு ஆக்களுக்குச் சொல்லித் திரிஞ்சனான். இண்டைக்குத்தான் அந்தாளை நினைக்க அழுகை வந்தது.”

கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாவல் கேட்டது. செபமாலையக்காவுக்கு அது ஒரு தண்டனைக் கதை. அந்த ஐயா இளமையில் என்ன பாவம் செய்தார் என்று எழுதின பக்கம் தவறிப்போய்விட்டது என்று அவள் சாதித்தாள். கலியாணம் பேசிக்கொண்டிருந்த ராஜினிக்குக் கதையில் வரும் ஐயாவும் மனைவியும் இளமையில் எப்படிச் சந்தித்தார்கள் என்பதுதான் முக்கியம். மறதி வருகிற பக்கங்களில் அவள் ஓலை கிழிப்பாள், பழைய நினைவு வருகிற பக்கங்களில் கையை நிறுத்திவிடுவாள். கமலாட்சிக்கு அந்த வீட்டின் மேலேயே சந்தேகம். “அவ்ளோ பெரிய ஊட்ல ரெண்டே பேரா? பக்கத்து ஊட்டுக்காரங்க எங்கக்கா போனாங்க?” என்று அடிக்கடி கேட்டாள். புத்தகத்தில் இல்லாததற்குப் புனிதம் என்ன செய்வாள்?

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கதிரையில் இன்னாசித்தம்பி இருந்தார். புனிதம்தான் அவரைக் கூட்டிவந்து, தன் கண்ணுக்குப் படுகிற இடத்தில் இருத்துவாள். “தனிய இருந்து என்ன செய்யப்போறார், கதையைக் கேக்கட்டும்” என்பாள். உண்மை அதுவல்ல. அவரைத் தனியே விட அவளுக்குப் பயம்.

இன்னாசித்தம்பி கரைவலைக்கு மண்டாடியாக இருந்தவர். வலையை எந்த இடத்தில் வளைப்பது, எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்று சொல்கிறவர் மண்டாடி. வலை சம்மாட்டியினுடையது, கை தொழிலாளியினுடையது, வாய் மட்டும் மண்டாடியினுடையது. அவர் ‘இழு’ என்றால் கரை முழுவதும் இழுத்தது. கடலை விட்டு இவ்வளவு காலமாகியும் குடியிருப்பில் அவரைக் காண்கிறவர்கள் ‘மண்டாடியார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போது தோளில் கிடக்கும் துவாயை எடுத்துக் கையில் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள்.

அந்த மனுசனுக்கு ஒன்றரை வருசமாக ஞாபகம் வழுகிக்கொண்டிருந்தது. முதலில் மண்வெட்டி வைத்த இடம் போனது. பிறகு கிழமை போனது. மன்னாரில் கட்டிக்கொடுத்த மகள் நிறஞ்சனாவின் பெயர் போனது. ஒருநாள் தேத்தண்ணிக்குள் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். விடியற்காலையில் எழும்பிக் காத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். காத்து எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, கடல்தான் இல்லையே.

புனிதம் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. யாராவது அவரிடம் ஏதும் கேட்டால், அவர் வாயைத் திறக்கும் முன் அவளே மறுமொழி சொல்லிவிடுவாள். ‘புனிதமக்கா புருசனைப் பேச விடமாட்டா’ என்று பெயர் வந்தது. வாயாடி என்றார்கள், அடக்கி ஆளுகிறவள் என்றார்கள். அவள் அந்தப் பெயரைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டாள். ஊருக்கு விசயம் தெரிந்தால் அவரைப் பாவம் பார்ப்பார்கள். பிறகு பகிடி பண்ணுவார்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். வாயால் வாழ்ந்த மனுசனின் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? தான் உயிரோடு இருக்கும்வரை அவர் மண்டாடியாராகவே இருக்கவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

இந்த நிலையில்தான் அந்தப் பாழாய்ப்போன ஐயா நாவலுக்குள் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டார்.

பசாம் படிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கவேண்டிய பகுதியை முதலே ஒருதரம் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். புனிதமும் காலையில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குசினி வாசலில் இருந்து அன்றைக்குரிய பக்கங்களைப் பார்ப்பாள். உப்பைக் கண்டதும் அவள் அந்த வசனத்தை மறுபடியும் வாசித்தாள். எழுதினவன் தங்கள் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான் என்றே நினைத்தாள். வேகமாக முன்னுக்குப் புரட்டினாள். சட்டையை மறுபக்கம் போட்டார், இருந்தது. கடைக்குப் போய்விட்டு வீடு தெரியாமல் நின்றார், இருந்தது. அதற்கும் அப்பால், நாவல் முடிகிற இடத்துக்குக் கிட்ட, அந்த ஐயா காலையில் எழும்பி, தனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து மரியாதையாகக் கேட்கிறார்: ‘நீங்கள் யார் அம்மா?’ அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

புனிதம் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். இன்னாசித்தம்பி கோழிக்கு அரிசிக் குறுநல் எறிந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டு சிரித்தார். “புனிதம்” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணி கேட்டார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மத்தியானம் வாசிப்பில் உப்பு வரவில்லை. அடுத்த நாள் மறுபக்கச் சட்டையும் வரவில்லை. இன்னாசித்தம்பியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி எது இருந்தாலும் புனிதம் அதைத் தாண்டிப் போனாள். ஆனால் நாவலில் அதுதானே முழுக்கவும். தாண்டித் தாண்டிப் போனதில் கதையில் நடப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஐயா எழும்பினார், குளித்தார், சாப்பிட்டார், படுத்தார்.

“என்னக்கா, நாலு நாளா ஐயா சாப்பிட்டுச் சாப்பிட்டுப் படுக்கிறாரு?” என்றாள் கமலாட்சி.

மாட்டிக்கொண்ட புனிதம், கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், அதே இராகத்தில், அச்சில் இல்லாத ஒரு வசனத்தை வாசித்தாள். அந்த ஊருக்கு ஒரு நல்ல வைத்தியர் வந்தார். அவர் ஒரு மருந்து கொடுத்தார். ஐயாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

“ஆமென்!” என்றது மருதமரத்தடி. செபமாலையக்கா உரத்த குரலில் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். ராஜினி கை தட்டினாள். கமலாட்சி எழும்பிப் போய், வீட்டிலிருந்த சர்க்கரைக் கட்டியை உடைத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். சீனியும் சர்க்கரையும் காண்பதே அருமையான அந்தக் காலத்தில் அவள் அதைக் கொடுத்தாள். புனிதத்துக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவள் அதை வாயில் போடாமல் இன்னாசித்தம்பியின் கையில் வைத்தாள்.

சுகமான ஐயாவை வைத்துக்கொண்டு மிச்ச நாவலை என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை. அடுத்த நாள் பக்கத்தைத் திறந்தால் மனைவி அழுதுகொண்டு நிற்கிறாள். ஏன் அழுகிறாள் என்று சொல்லவேண்டுமே? சந்தோசத்தில் அழுகிறாள் என்று வாசித்தாள். அதற்கு அடுத்த நாளும் சந்தோசத்தில் அழுதாள். “அந்த மனுசிக்குத்தான் இப்ப வருத்தம்போல கிடக்கு” என்றாள் செபமாலையக்கா.

அன்று மாஸ்ரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு கொட்டில்வரை நடந்து வந்தார். வேலிப் படலையடியில் நின்று தலையைச் சொறிந்தார்.

“அக்கா, ஐயாவை நீங்கள் சுகப்படுத்திப் போட்டியள்.”

“அந்தப் பக்கத்திலை எழுத்து அழிஞ்சு கிடந்தது மாஸ்ரர். நான் ஒரு மாதிரிச் சமாளிச்சனான்.”

“அழிஞ்ச எழுத்துக்குள்ளை வைத்தியர் வந்திட்டார் என்ன?” அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டி, முற்றத்தில் இருந்த இன்னாசித்தம்பியை ஒருதரம் பார்த்தார். “நான் பிழை சொல்லேல்லை. எனக்கும் அந்தாள் சுகமாகவேணும் எண்டுதான் ஆசை. ஆனால் இன்னும் கனக்கப் பக்கம் கிடக்கு. அவ்வளவையும் நீங்கள் தனியத்தான் எழுதி முடிக்கவேணும். களைச்சுப் போவியள் அக்கா.”

அவர் போன பிறகும் புனிதம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். களைத்துப் போவாய் என்று அவளுக்கு யாரும் சொல்லி எவ்வளவோ காலம். களைத்துத்தான் போயிருந்தாள்.

மறுநாள் அவள் முதல் வேலையாக வைத்தியரைத் திருப்பி அனுப்பினாள். “நான் பக்கம் மாறி வாசிச்சுப் போட்டன். ஐயாவுக்கு இன்னும் சுகமில்லை” என்றாள். ஒரே கூக்குரல். சர்க்கரையைத் திருப்பித் தரச்சொல்லி ராஜினி பகிடி விட்டாள். அது அடங்கியதும் புனிதம் உப்பை வாசித்தாள், சட்டையை வாசித்தாள். பிறகு, ஐயா கடைக்குப் போய்த் திரும்பி வரத் தெரியாமல் வெய்யிலில் நிற்கிற அத்தியாயத்தை வாசித்தாள். மனைவி வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருத்தெருவாகத் தனியே தேடுகிறாள். எதிரே வருகிறவர்களிடம் கேட்கவும் வெட்கப்படுகிறாள். யாரும் விசாரித்தால், மரக்கறி வாங்க வந்தேன் என்கிறாள்.

கமலாட்சி பின்னுவதை நிறுத்திவிட்டாள். “இது என்னாக்கா அநியாயம்? ஒரு சத்தம் போட்டா நாலு பேரு வரமாட்டாங்களா?”

“அவவுக்கு வெக்கமாக்கும்” என்றாள் ராஜினி.

“வெக்கமா? மனுசன் காணாமப் போயிட்டாரு, இதுல என்னா வெக்கம்? எழுதுனவருக்கு அக்கம்பக்கத்துல குடியிருந்து பழக்கமில்ல. அதான் அந்தம்மாவ இப்புடி ஒத்தையா வுட்டுட்டாரு.”

செபமாலையக்காவும் தலையாட்டினாள். பாவத்தைப் பற்றி அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. “என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பன்” என்றாள், ஏதோ அந்த நகரம் அடுத்த ஒழுங்கையில் இருப்பதுபோல.

புனிதம் பதில் சொல்ல வாயெடுத்து, வழக்கம்போலக் கதிரையைப் பார்த்தாள். கதிரையில் துவாய் மட்டும் கிடந்தது.

முதலில் அவள் செய்தது என்ன தெரியுமா? தொடர்ந்து வாசித்தாள். பழக்கம் அப்படி. இரண்டு வசனம் வாசித்தாள். மூன்றாவது வசனத்தில் அந்த மனைவி மறுபடியும் மரக்கறி வாங்க வந்தேன் என்றாள். புனிதத்தின் குரல் நின்றுவிட்டது.

“அவரைக் காணேல்லை” என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. ஐயாவைத்தானே காணவில்லை என்று பார்த்தார்கள்.

“என்ரை மனுசனைக் காணேல்லை! அவருக்கு ஒண்டும் ஞாபகமில்லை. ஒன்றரை வருசமா அவருக்கு ஒண்டும் ஞாபகம் நிக்கிறேல்லை. ஐயோ, அவரைத் தேடுங்கோ!”

புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. பெண்கள் எழும்பினார்கள். ஆனால் அவள் நினைத்த மாதிரி யாரும் வாயில் கையை வைக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. கமலாட்சி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“பதறாதீங்கக்கா. கொளத்துக் கட்டுல இருப்பாரு. எங்க வூட்டுக்காரரு கூடத்தான் இருக்காரு. வாங்க, காட்டுறேன்.”

குளக்கட்டில் ஏறும்போதே அவருடைய குரல் கேட்டது. அந்தக் குரலைப் புனிதம் கரையில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தாள்.

“விடாதை! தெற்குப் பக்கம் தளருது! ஆரடா அது, சாப்பிடேல்லையே? ஒருமிச்சு இழு!”

இன்னாசித்தம்பி கட்டின் மேல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே, தண்ணீருக்குள் நின்ற பட்டமரத்தில் ஒரு நீளமான மாட்டுக்கயிறு கட்டியிருந்தது. அதன் மறுநுனியைக் கமலாட்சியின் புருசன் பொன்னையா பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வயல்காரர். மூன்று பேரும் முழங்கால்வரை சேற்றோடு, குதிக்காலை ஊன்றி, உண்மையாகவே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னையா பிறந்த நாளிலிருந்து கரைவலையைக் கண்டதில்லை. தளர்த்தச் சொன்னபோது இழுத்து, இழுக்கச் சொன்னபோது தளர்த்தி ஏச்சு வாங்கினார். “சரிங்கய்யா, சரிங்கய்யா” என்று திருத்திக்கொண்டார்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டாள் புனிதம்.

“போன வெதைப்புலருந்து. உங்களுக்குத் தெரியாம நழுவி நழுவி வருவாரு. மொத நாளு கட்டுல நின்னு இழுக்கச் சொல்லிச் சத்தம் போட்டாராம். அந்த மனுசன் சொல்லி நாம இழுக்காட்டி அவரு மனசு ஒடைஞ்சுரும்னு இவருதான் கயித்தக் கொண்டு போயி மரத்துல கட்டுனாரு. முடிஞ்சதும் உங்க படலைவரைக்கும் கொண்டாந்து வுட்டுருவாரு.”

“ஏன் பிள்ளை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நீங்க சொல்லலியேக்கா. நீங்க மறைக்கிறத நாங்க எப்புடி வாயத் தொறந்து பேசுறது?”

புனிதம் கட்டிலேயே இருந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். இவ்வளவு காலமும் அவருடைய சொல்லைத் தான் ஒருத்தி மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். கீழே சேற்றுக்குள் அவர் சொல்ல இழுப்பதற்கு ஆள் நின்றது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்லமுடியாத சந்தோசமாகவும் இருந்தது.

கடைசி அத்தியாயத்தை அவள் அடுத்த நாள் வாசித்தாள். வேண்டாம், விடுங்கோ என்று மாஸ்ரர் சொல்லிப் பார்த்தார். இல்லை, முடிக்கவேணும் என்றாள். அன்று மருதமரத்தடிக்குப் பொன்னையாவும் மற்ற ஆண்களும் வந்து, கிடுகு பின்னத் தெரியாமல் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். இன்னாசித்தம்பியின் கதிரையை நடுவில் போட்டிருந்தார்கள்.

புனிதம் எதையும் தாண்டவில்லை. சோறு போடுகிற இடம் வந்தது. ‘நீங்கள் யார் அம்மா?’ என்று ஐயா கேட்கிற இடமும் வந்தது. அதை அவள் இழுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு வசனத்தை இராகம் இல்லாமல் வாசித்தாள். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாவல் அதற்குப் பிறகு ஒரு பக்கம் ஓடி முடிந்தது. ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாஸ்ரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசித்தம்பி கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார். புனிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கமலாட்சியின் பக்கம் திரும்பி, “இந்தப் பிள்ளை ஆர்?” என்று கேட்டார்.

கமலாட்சிக்கு முகம் வெளிறிவிட்டது. பொன்னையா எழும்பப் பார்த்தார்.  இந்தக் கேள்வி வந்தால் செத்துப்போவேன் என்று புனிதம் எத்தனை காலையில் நினைத்திருப்பாள். கேள்வி வந்துவிட்டது. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

“நான் இஞ்சத்தான் இருக்கிறனான்” என்றாள்.

“நல்லா வாசிக்கிறாய் பிள்ளை.” அவர் சுற்றிவரப் பார்த்தார். குரல் உயர்ந்தது, குளக்கட்டில் கேட்ட அதே குரல். “என்ன சனம் நீங்கள்? இவ்வளவு நேரமா இந்தப் பிள்ளை வாசிக்குது, தொண்டை காஞ்சு போச்சுது, ஒருத்தருக்கும் கண் தெரியேல்லையே? தண்ணி கொண்டு வாருங்கோ!”

அவர் சொன்னதும் மருதமரத்தடி முழுவதும் எழும்பியது. செபமாலையக்காகூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ராஜினி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். இன்னாசித்தம்பி அதை அவளிடமிருந்து வாங்கி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து, தானே எழும்பி வந்து புனிதத்திடம் நீட்டினார்.

“குடி” என்றார்.

அவள் அண்ணாந்து குடித்தாள். அவர் பக்கத்திலேயே நின்று, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் வேணுமே பிள்ளை?”

“ஓம்” என்றாள் புனிதம்.